பிரிய ஏழு பேர் போதும், சேரத்தான் தடை

"டீச்சர்மாருக்கு ஏன் இத்தனை சங்கம்?" என்று கேட்பவர்கள் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தை ஒருதரம் பாருங்கள். ஏழு பேர் ஒப்பமிட்டால் புதுச் சங்கம் பதியலாம். ஆனால் அரச ஊழியர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து சம்மேளனம் அமைக்க 21ஆம் பிரிவு விடாது. முள்ளிவாய்க்காலில் பாடசாலை ஆசிரியரும் ஆஸ்பத்திரித் தாதியும் ஒரே சங்கத்தில் இருக்க முடியாது, திணைக்களம் வேறு.

சம்மேளன உரிமையைத் தரும் சர்வதேச தொழில் தாபனத்தின் 87ஆம் இலக்க சமவாயத்தை இலங்கை 1995இலேயே ஏற்றது. சட்டம் இன்னும் மாறவில்லை.

2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர், அதிபர் சங்கங்கள் பல ஒன்றாக நின்று நிகழ்நிலைக் கற்பித்தலைப் புறக்கணித்தன. மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அரசு இறங்கி வந்தது. ஒற்றுமையின் பலன் அது. அந்த ஒற்றுமைக்குச் சட்டத்தில் இடமில்லை.

சேர், டீச்சர், அடுத்த சங்கக் கூட்டத்தில் இடமாற்றம், சம்பளத்தோடு 21ஆம் பிரிவைத் திருத்தும் கோரிக்கையையும் எழுதி வையுங்கள்.