பருத்தி விதையை ஏன் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது?

விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருவமழை தொடங்கும் முன்பே விதைக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். சுமார் அரைக் கிலோ எடையுள்ள பிடி பருத்தி விதை பாக்கெட்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைக்கிறது. 2025-26 பருவத்துக்கு அது 901 ரூபாய்.

போன வருஷ விதையையே எடுத்து வெச்சு விதைக்கலாமே? சட்டம் தடுக்கவில்லை. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் உரிமை தருகிறது. தடுப்பது பூவுக்குள் நடக்கும் செல் பிரிவு.

பூவுக்குள் என்ன நடக்கிறது?

இந்தியாவில் விற்கும் பிடி பருத்தியில் பெரும்பகுதி ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு விதை. இரண்டு வேறு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை அது. அதனால் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி, வீரியமாக வளரும்.

நாம் அதிகம் பயிரிடும் பருத்தியின் செல்லில் 52 குரோமோசோம்கள், 26 ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் ரகத்திலிருந்து வந்தது, மற்றது தந்தை ரகத்திலிருந்து வந்தது. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது 'குன்றல் பிரிவு' நடந்து, எண்ணிக்கை 26 ஆகப் பாதியாகிறது. எந்த ஜோடியிலிருந்து எது போகும் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான். 26 முறை சுண்டினால் சுமார் 6.71 கோடி சேர்க்கைகள் வரலாம். பிரிவதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்வதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகம்.

வயலில் என்ன ஆகும்?

சேமித்த விதையிலிருந்து வரும் செடிகளில் ஒன்று உயரம், ஒன்று குட்டை. காய் வெடிக்கும் காலமும் பஞ்சின் தரமும் மாறும். வீரியமும் குறையும். ஒரு பிடி மரபணு பெற்றோரில் ஒரு ரகத்திடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. காய்ப்புழுவுக்கு அது திறந்த வாசல்.

மாற்று வழி உண்டா?

உண்டு. நேர் ரகங்களில் ஜோடியின் இரண்டு பிரதிகளும் கிட்டத்தட்ட ஒன்றே. சீட்டைக் குலுக்கினாலும் அதே சீட்டுதான் வரும். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பருத்தியைத்தான் பயிரிடுகின்றன. நாக்பூரிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனமும் பிடி நேர் ரகங்களை உருவாக்கியிருக்கிறது. நெல்லில் ஒரு படி மேலே போய், குன்றல் பிரிவையே நிறுத்தி, தாய்ச்செடியின் நகலாகவே விதை தரும் ஹைபிரிட்டை விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டார்கள். 2022-இல் வெளியான ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட விதைகள் நகல்களாக இருந்தன. பருத்தி விவசாயிக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

எனவே விதைக் கொள்கை பற்றிய செய்தியைப் படிக்கும்போது, பாக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது ஹைபிரிட்டா, நேர் ரகமா என்றும் பாருங்கள். சட்டம் தந்த உரிமை வயலில் செல்லுபடியாகுமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.