கைக்குப் பழகிய வளைவு

போன மாதம் அப்பாவின் நாற்காலியில் வலது கைப்பிடி விண்டுபோனது. பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்துபோன பிறகு, அவர் எழுந்து நிற்பதே அந்தக் கைப்பிடியின் பலத்தில்தான். "புது நாற்காலி வாங்கிடலாம்ப்பா" என்றேன். "இது என் கைக்குப் பழகிப்போச்சும்மா" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு தேக்குத் துண்டை உத்தேசமாக அறுத்து வாங்கி வந்தேன். மைக் பிடித்தே பழகிய கை இது. உப்புத்தாளை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். தூசிதான் பறந்தது, வளைவு வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பக்கத்து வீட்டு ஆசாரி மாமா சிரித்தார். "உப்புத்தாள் கடைசி வேலைக்கும்மா. இரு" என்று உள்ளே போய் ஒரு கருவியோடு வந்தார். அதுதான் ஸ்போக்‌ஷேவ்.

ஸ்போக் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். மரச்சக்கரத்துக்கு ஆரக்கால் சீவிய கருவி என்பதால் அந்தப் பெயர். நடுவில் சின்னக் கத்தி, இரு பக்கமும் கைப்பிடி. இழைப்புளியின் அடி நீளம், வளைவுக்குள் இறங்காது. இதன் அடி இரண்டு விரல் அகலம்கூட இல்லை, வளைவோடு கூடவே போகும்.

வாங்கப் போனால் முதலில் கருவியைத் திருப்பி அடியைப் பாருங்கள். தட்டை அடி, நேரான விளிம்புக்கும் வெளிப்பக்கம் புடைத்த வளைவுக்கும். உருண்டை அடி, உட்பக்கம் குழிந்த வளைவுக்கு. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் தட்டையை வாங்குங்கள். பழக அதுவே சுலபம். ஸ்டேன்லி 151 போல, கத்தியை ஏற்றி இறக்க இரண்டு திருகு உள்ளது நல்லது. ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் சீவும்படிகூட அதில் வைத்துக்கொள்ளலாம்.

கட்டையை அசையாமல் கிளாம்ப் போட்டு, இரண்டு கட்டைவிரலையும் கருவியின் பின்பக்கம் கொடுத்துத் தள்ள வேண்டும். எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. குழிந்த இடமென்றால் இரண்டு பக்கமிருந்தும் இறங்கி, அடியில் நிறுத்த வேண்டும். பள்ளத்தைத் தாண்டி மேலே ஏறினால் மரத்தின் ரேகை எதிர்த்து நிற்கும், மரம் பிய்யும். முதல் நாள் அதைத்தான் செய்தேன். கருவி கடகடவென்று அதிர்ந்தால் கத்தி அதிகம் நீட்டியிருக்கிறது, அல்லது மழுங்கிவிட்டது, அல்லது சரியாக இறுக்கவில்லை. தேக்கு கத்தியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். அடிக்கடி தீட்டத்தான் வேண்டும். சுருள் காகிதம்போல் மெல்லிசாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

உள்ளங்கை பதியும் மேல்பக்கத்துக்குத் தட்டை, விரல்கள் மடங்கும் கீழ்பக்கத்துக்கு உருண்டை. நாலு சீவு சீவுவேன், கட்டையை அப்பாவிடம் நீட்டுவேன். பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். மறுபடி நாலு சீவு. இப்படியே மூன்று வாரம். அளவுகோல் எதுவும் தேவைப்படவில்லை, அவர் கைதான் அளவு.

நேற்று மாலை கைப்பிடியைப் பொருத்தினேன். அப்பா பிடித்தார், ஊன்றினார், எழுந்து நின்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. வானொலிக்காரிக்கு அது அபூர்வம்.

"கட்டைவிரல்கிட்ட இன்னும் கொஞ்சம்" என்றார்.

கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.