'ஒண்ணுமில்லை' என்று எழுதாதீர்கள்!

பள்ளிப் படிப்போடு நின்றுபோன முப்பத்தாறு வயது இல்லத்தரசி நான். கடலுக்குள் இறங்குவதைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நினைக்காதீர்கள். இறங்கப் போய், இறங்காமல் திரும்பி வந்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு!

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆனதை ஒட்டி, சீட்டுப் பணம் எடுத்து அந்தமான் போகத் திட்டம் போட்டோம். அங்கே ஹேவ்லாக் என்றொரு தீவு. 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க இறங்குகிற 'ஸ்கூபா டைவிங்'குக்குப் பேர்போன இடம். நீச்சல் தெரியாதவர்களையும், பயிற்சியாளர் கூடவே இருந்து 12 மீட்டர் ஆழத்துக்குள் கூட்டிப்போய் வருவார்கள். கடல் நீரும் வெதுவெதுப்பாக 27 டிகிரிக்கு மேலேதான் இருக்குமாம். கேட்டதிலிருந்து எனக்கு ஆசை பற்றிக்கொண்டது.

பத்து வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. என் மகனுக்குப் பதிமூன்று, மகளுக்கு எட்டு. என்னவர் உடனே, "நானும் பையனும் போறோம். நீ பாப்பாவோட கரையில இரு" என்றார். எந்தச் சுற்றுலா போனாலும் பையையும் செருப்பையும் காவல் காப்பது நாம்தானே? இந்தத் தடவை நான் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் முதல்ல போயிட்டு வாங்க. அப்புறம் நான் போறேன், நீங்க பாப்பாவைப் பாத்துக்குங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பயண ஏற்பாடு செய்தவர் கொடுத்த அட்டவணையில், ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு டைவிங், ஒன்பது மணிக்குக் கப்பல், மதியம் மூன்று மணிக்குச் சென்னைக்கு விமானம் என்று இருந்தது. எனக்கு விவரம் தெரியாது. ஆனால் காசு கொடுப்பவள் கேட்கலாமே என்று, டைவிங் நடத்துகிற இடத்துக்கே போன் போட்டேன். நல்லவேளை, தமிழ் பேசும் பயிற்சியாளர் ஒருவர் எடுத்தார்.

அட்டவணையைச் சொன்னதும், "அக்கா, அதே நாள்ல பிளேன் ஏறவே கூடாது" என்று பதறினார். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் மட்டும் இல்லையாம், நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்களாம். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கும். அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், மேலே அழுத்தம் குறைவதால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பிவிடும். மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரைக்கும் வரலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர்கள் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும். "ஒரு நாள் முழுசா விட்டுட்டா இன்னும் நல்லது" என்றார்.

உடனே டைவிங்கை மூன்றாம் நாளுக்கு மாற்றச் சொன்னோம். அட்டவணை போட்டவர் முகம் சுளித்தார். நாங்கள் பிடிவாதமாக மாற்ற வைத்தோம்.

அடுத்து ஒரு மருத்துவப் படிவம் வந்தது. ஆஸ்துமா உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காதில் கோளாறு உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். அதே ஏற்பாட்டாளர், "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டுடுங்க மேடம். 'ஆமா'ன்னு போட்டா இறங்க விட மாட்டாங்க" என்றார்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் காதில், "இழுப்புன்னு வாயைத் திறந்துடாதே" என்று சொன்னது இன்னும் கேட்கிறது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் கணவருக்குத் தெரிந்துவிட்டது. மாமியாருக்கு மட்டும் தெரியாது. மார்கழிப் பனியில் மூச்சு முட்டினால், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஹேலர் அடிப்பேன். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை அத்தை!" இந்த 'ஒண்ணுமில்லை'யை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ!

அன்று முதல் முறையாக 'ஆமாம்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தான் நிரப்பிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்து, 'பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று எழுதினார். அந்த மாத்திரையைக் கடைப் பையன்களுக்குக்கூடத் தெரியாமல் விழுங்குகிற மனிதர் அவர்!

இருவரும் டாக்டரிடம் போனோம். அவருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருப்பதால், சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். எனக்குப் போன மார்கழியில்கூட இழுப்பு வந்திருந்ததால், "நீங்க வேண்டாம்மா" என்றார். காரணமும் சொன்னார். 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் தண்ணீருக்குள் யாருமே மூச்சை அடக்கக் கூடாது. இழுப்புக்காரர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரலே கிழிந்துவிடக்கூடும் என்றார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த 'இல்லை'யை எழுதியிருந்தால்?

ஹேவ்லாக்கில் அப்பாவும் பிள்ளையும் இறங்கினார்கள். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதடைப்பை எடுக்க, ஆழமில்லாத இடத்தில் முதலில் பழக்கினார்கள். சளி பிடித்திருந்தால் காதடைப்பு எடுக்காது என்று, அன்று மூக்கொழுகிக்கொண்டு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் சண்டை போட்டான். எனக்கென்னவோ, திருப்பி அனுப்புகிற இடம்தான் நம்பிப் போகக்கூடிய இடம் என்று தோன்றியது.

நானும் மகளும் எலிஃபன்ட் பீச்சில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் போனோம். காலடியில் பவளப்பாறை! பாறை என்று சொல்கிறோமே தவிர, கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. 2010-ல் கடல் சூடு அதிகமாகி அந்தமானில் நிறையப் பவளம் வெளுத்துப்போனதாம். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த இடங்களையும் பார்த்தோம். கரையில் ஒதுங்கிய துண்டு ஒன்றை மகள் எடுத்து வந்தாள். ஊருக்கு எடுத்துப் போவது சட்டப்படி குற்றம் என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே போடச் சொன்னேன்.

"அம்மா, நீ இறங்கலேன்னு வருத்தமா?" என்று கேட்டாள். வருத்தம்தான். பிள்ளையும் அவரும் ஈரத்தோடு ஓடி வந்து, "அப்பா! எத்தனை மீனு!" என்று மாற்றி மாற்றிச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் வெட்கம் இல்லை. நாலு பேருக்கு முன்னால், "எனக்கு இழுப்பு, அதான் இறங்கலை" என்று சாதாரணமாகச் சொல்ல முடிந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால், விமான நேரத்தை முதலில் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி டைவிங் நாளைக் குறியுங்கள். படிவத்தை ஊரிலேயே வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் போங்கள். உடம்புக்கு இடமிருந்தால் நீங்களும் தைரியமாக இறங்குங்கள், கரையில் பை காக்க வேண்டாம். எது எப்படியோ, உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நம் 'ஒண்ணுமில்லை'யை வீட்டில் நம்புவார்கள், கடல் நம்பாது.

பெயர் போட வேண்டாம். ஆனாலும் மாமியார் இந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படிப்பவர். படித்துப் புரிந்துகொண்டால் புரிந்துகொள்ளட்டும். வருகிற மார்கழியில் கூடத்தில் உட்கார்ந்தே இன்ஹேலர் அடிப்பதாக இருக்கிறேன்!

- ஒரு வாசகி, விருதுநகர்.