ஜொகூரில் தமிழ் இசைத்தட்டு தேடுறீங்களா? கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இசைத்தட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் சுமார் 41 மில்லியன் வினைல் தட்டுகள் விற்றன. சிடி விற்றது 33 மில்லியன்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது அதுவே முதல்முறை.

இந்த அலையில் பெரும்பங்கு புதிதாக அச்சாகும் தட்டுகளுக்கு. டெய்லர் ஸ்விஃப்ட் தட்டு தீர்ந்தால் ஆலையில் மறுபடியும் அச்சடிப்பார்கள். பழைய தமிழ்த் தட்டு அப்படி இல்லை.

பழைய தமிழ்த் தட்டு எங்கிருந்து வந்தது?

சென்னையில் பதிவான திரைப்பாடல்கள் பெரும்பாலும் கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் எச்.எம்.வி. தட்டுகளாக அச்சாயின. 1980களில் இளையராஜா பாடல்களை எக்கோ, இன்ரெகோ போன்ற நிறுவனங்கள் வெளியிட்டன. பிறகு கேசட் வந்தது, தட்டு ஒதுங்கிவிட்டது. ஆக, இன்று மலேசியாவில் இருக்கும் பழைய தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் வந்தவைதான். வீடு மாறும்போது ஒரு பெட்டி குப்பைக்குப் போனால், அந்த எண்ணிக்கை அவ்வளவு குறையும்.

ஜொகூரில் எங்கே தேடலாம்?

தமிழ்த் தட்டுக்கென்றே தனிக்கடை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேடும் சொல்லை மாற்றுங்க. இசைத்தட்டுக்கு மலாயில் 'பிரிங் ஹித்தாம்'. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கரோசல் இரண்டிலும் மலாய்ச் சொல்லைப் போட்டு, இடத்தை ஜொகூர் என்று குறித்துத் தேடுங்க. தமிழ் எழுத்துத் தெரியாத விற்பனையாளர் 'இண்டியா' என்று மட்டும் போட்டிருக்கலாம். அதனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பழைய பொருள் சந்தைகள். ஜொகூர் பாருவில் 'பாசார் காராட்' என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காராட் என்றால் துரு. இத்தகைய சந்தைகளின் இடமும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்க. வடக்கே போனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் இசைத்தட்டுக் கடைகளும் வார இறுதிச் சந்தையும் இருக்கின்றன. பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் அடெல்ஃபி கட்டடம்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் தாத்தா பாட்டி வீட்டு அலமாரி. கேட்டுப் பாருங்க, ஆச்சரியப்படுவீங்க.

நல்ல கடை என்று எப்படித் தெரியும்?

தட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்க்க விடுகிறார்களா? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். கண் மட்டத்தில் வைத்தால் வளைவு தெரியும். கேட்டால் போட்டுக் காட்டுகிறார்களா? 'வி.ஜி. பிளஸ்' என்று தரம் எழுதியிருந்தால், எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்குகிறார்களா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாக வாங்கலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை ஒரு பெரிய எதிரி. வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்க. 78 வேகத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் உடையும், ஆல்கஹால் பட்டால் கெடும். அவற்றுக்கு வேறு ஊசியும் வேண்டும். 33, 45 வேகம் மட்டும் உள்ள பிளேயர் வைத்திருப்பவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்க.

விலை ஏன் ஏறுகிறது?

ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட்டுக்கு மேல். ஜொகூரில் 90 ரிங்கிட் சொல்லும் தட்டு, பாலம் தாண்டி வருபவருக்கு 30 வெள்ளிக்கும் குறைவு. நமக்கு யோசிக்க வைக்கும் விலை, அவருக்கு மலிவு. ஆர்.டி.எஸ். ரயில் புக்கிட் சாகார், உட்லண்ட்ஸ் நார்த் இடையே சுமார் 5 நிமிடப் பயணத்துக்காகத் திட்டமிடப்பட்டது. வாங்க வருபவர்கள் கூடினால் விலையும் கூடலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் முன்போல் மலிவில்லை: 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கேளுங்க. அதுதான் முக்கியம். பழைய தட்டுக் கடைக்காரர் பல நேரங்களில் ஒரு வீட்டுச் சேகரிப்பை மொத்தமாக வாங்குவார். அதில் தமிழ்த் தட்டுகள் இருந்து, அவற்றை யாருமே கேட்காவிட்டால் அடுத்த முறை அந்தப் பெட்டியை அவர் எடுக்க மாட்டார். தேடும் படங்களின் பெயர்களையும் உங்கள் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க. லேபிளில் தமிழ் மட்டும் இருந்தால் படித்துச் சொல்லுங்க. எந்தப் படம், யார் இசை என்று தெரிந்தால் அவரும் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பார். வாங்கும் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பெட்டி கடைக்கு வரும். இல்லையென்றால் அது நேராகக் குப்பைக்குத்தான்.