கோட்டைக்கு மாலை, கணவாய்க்கு மறதி

2025 ஜூலையில் 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவெளிகள்' யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளுக்கும் தமிழகத்தின் செஞ்சிக்கும் வாழ்த்துகள் குவிந்தன. பெயரில் 'நிலவெளி' இருக்கிறது. பட்டியலில் இருப்பவையோ 12 கோட்டைகள். அவற்றுக்கிடையே படை நடந்த வழி, தானியம் ஏறிய கணவாய், சுங்கம் தண்டிய துறை ஆகியவற்றுள் எதுவும் அங்கே தனி உறுப்பாக எண்ணப்படவில்லை.

இக்குறையை ஒரு பட்டியலின் குறையாக மட்டும் கொள்வதற்கில்லை. புனேவைச் சுற்றி நடந்த போர்களின் வரலாறு எழுதப்படும் முறையிலும் கற்பிக்கப்படும் முறையிலும் இதே குறை ஊறிக் கிடக்கிறது. தளபதியின் பெயர், போர் நடந்த நாள், இறந்தோர் தொகை, வென்றவர் யார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. படை எவ்வழியே வந்தது, ஏன் அவ்வழியே வந்தது, அவ்வழியை உண்டாக்கியவர் யார் என்ற கேள்விகள் தேர்வுத்தாளிலும் இல்லை, பெரும்பாலான ஆய்வேடுகளிலும் இல்லை. கோட்டை கட்டப்பட்டதே கணவாயைக் காக்கத்தான். போர் காட்டை மேலிருந்து நோக்கி நிற்பது லோஹகட். நாணே காட் வழியாகக் கொங்கணக் கடற்கரையோடு தொடர்புகொண்ட ஜுன்னர் நகரின் தலைமேல் நிற்பது சிவ்நேரி. வழியை நீக்கிவிட்டுக் கோட்டையை மட்டும் படிப்பது, கதவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டை ஆராய்வது போன்றது.

1661ஆம் ஆண்டின் உம்பர்கிண்ட் போரை எடுத்துக்கொள்ளலாம். புனேவைப் பிடித்து அமர்ந்திருந்த முகலாயத் தளபதி சாயிஸ்தா கான், கொங்கணத்தைக் கைப்பற்றக் கார்தலப் கானை அனுப்பினார். அப்படை லோணாவளாவை அடுத்த குர்வண்டே கணவாய் வழியாக இறங்கிற்று. கீழே உம்பர்கிண்டின் குறுகிய காட்டுவழி. முன்னும் அடைபட்டு, பின்னும் அடைபட்டு, தண்ணீரும் இன்றித் தவித்த படை, சிவாஜியிடம் பணிந்து பொருள்களை விட்டுவிட்டு மீண்டது. இந்நிகழ்வைச் சிவாஜியின் வீரத்துக்குச் சான்றாக மட்டும் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். பெரும்படை ஒன்று எந்த வழியில் நுழைந்தால் தன் எண்ணிக்கையாலேயே சிக்கிக்கொள்ளும் என்பதை அறிந்திருந்ததே அங்கே வென்றது. அவ்வறிவு அரண்மனையில் பிறந்தது அன்று. மாவளப் பகுதியின் மலைவாழ் மக்களும் மேய்ப்பரும் தலைமுறை தலைமுறையாகக் காலால் ஈட்டியது.

118 ஆண்டுகள் கழித்து அதே மலைத்தொடர் மற்றொரு படையை விழுங்கியது. 1778இன் இறுதியில் ரகுநாதராவைப் பேஷ்வா பீடத்தில் அமர்த்தும் நோக்கத்தோடு பம்பாயிலிருந்து கிளம்பிய ஆங்கிலேயப் படை, போர் காட்டில் ஏறிப் புனேவை நோக்கி நகர்ந்தது. நடந்தது என்பதைவிட ஊர்ந்தது என்பதே பொருந்தும். பீரங்கிகளையும் பல்லாயிரம் பொதிமாடுகளையும் இழுத்துக்கொண்டு கண்டாளாவிலிருந்து கார்லே வரையிலான சில மைல் தொலைவுக்கே பல நாள்களைச் செலவிட்டது. எதிரே இருந்த தளேகாவை மராத்தியரே எரித்துவிட்டிருந்தனர். உணவும் தீனியும் கிடைக்கவில்லை. கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, 1779 ஜனவரி 11 இரவில் படை பின்வாங்கியது. வட்காவில் சூழப்பட்டு, அம்மாதம் 16ஆம் நாள் அவமான உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. மகாதஜி சிந்தியாவின் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் மாட்டுக்குத் தீனி இல்லாத சாலை செய்த வேலையைப் பாடநூல் ஒற்றை வரியிலும் ஒப்புக்கொள்வதில்லை.

தோற்றவர்கள் பாடம் கற்றனர். 1817இல் புனே கம்பெனியின் கைக்கு வந்தது. 1830இல் ஆளுநர் ஜான் மால்கம் காலத்தில் போர் காட்டில் வண்டிச்சாலை திறக்கப்பட்டது. 1863இல் அதே மலையில் இரயில் ஏறியது. 2002இல் மும்பை–புனே விரைவுச்சாலை முழுமை பெற்றது. இவை அனைத்துக்கும் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழியின் ஓரத்தில் பாஜே, கார்லே, பேட்ஸே குகைகள் குடையப்பட்டிருந்தன. கார்லேயின் தூண்களில் கொடையளித்தோர் பெயர்கள் இன்றும் நிற்கின்றன, அவர்களுள் யவனரும் உண்டு. அரசுகள் மாறின, ஊர்தி மாறிற்று, கணவாய் மாறவில்லை. எனினும் ஒரு துறை குகையைப் படிக்கிறது, இன்னொரு துறை போரைப் படிக்கிறது, மூன்றாவது துறை நெடுஞ்சாலையை அளக்கிறது. மூன்றும் ஒரே மேட்டில் நிற்கின்றன என்பதைச் சொல்ல ஆளில்லை.

சொன்னவர் ஒருவர் இருந்தார். புனேவில் வாழ்ந்த டி. டி. கோசாம்பி, 1962இல் வெளியான தம் 'மித் அண்ட் ரியாலிட்டி' நூலில், பண்டரிபுர யாத்திரை வழியையும் தாய்த்தெய்வக் கோயில்கள் அமைந்த குறுக்குச் சந்திப்புகளையும் தொல்பழங்காலத் தடங்களோடு இணைத்துக் காட்டினார். வழியோரங்களில் கிடைத்த நுண்கற்கருவிகளைக் கையால் பொறுக்கி, பருவந்தோறும் மந்தையோடு பெயர்ந்த மேய்ப்பரின் தடமே பிற்காலத்தில் வணிகப் பாதையாகவும் பக்திப் பாதையாகவும் ஆனது என வாதிட்டார். அவரை மேற்கோள் காட்டாத ஆய்வேடு அரிது. அவரைப் போல் நடந்து பார்த்த ஆய்வேடு அதனினும் அரிது. வழிபாட்டுக்கு உரியவராகக் கோசாம்பியை ஆக்கிவிட்ட கல்விப்புலம், அவருடைய முறையை நூலக அலமாரியிலேயே விட்டுவிட்டது.

இதன் விலை இப்போது கண்முன் தெரிகிறது. ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்குச் செல்லும் பால்கி வழிகளை அகலப்படுத்தும் திட்டத்துக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வார்க்கரிகளுக்குப் பாதுகாப்பான நடைபாதை தேவை என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. கேள்வி வேறு. கோசாம்பி கல்கருவிகளைக் கண்ட அதே தடங்களின் ஓரத்தில் மண் வெட்டப்படும்போது, அதற்கு முன்னதாக ஒரு முறையேனும் அங்கே நடந்து பதிவு செய்யும் பொறுப்பு எந்தத் துறையுடையது? நினைவுச்சின்னம் என அறிவிக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குச் சட்டக் காப்பு உண்டு. கட்டடமே இல்லாத பழந்தடத்துக்கு எங்கிருந்து 100 மீட்டரை அளப்பது?

'வழியைப் பேசினால் வீரம் குறையும்' என்பது ஒரு மறுப்பு. சீன வரலாறு அதற்கு விடை தருகிறது. மூன்று அரசுகள் காலத்தில் ஷூ நாட்டின் அமைச்சர் சூகெ லியாங், 228 முதல் 234 வரை வடக்கே மீண்டும் மீண்டும் படையெடுத்தார். சின்லிங் மலையின் பாறைச்சரிவுகளில் மரக்கட்டைகளைச் செருகிப் பலகை பாவிய பாதைகளில் தானியம் கொண்டுசெல்வதே அவருடைய தீராத இடர்ப்பாடாக இருந்தது. 263இல் ஷூ வீழ்ந்ததும் ஒரு வழியாலேதான். காவல் மிகுந்த சியன்கே கணவாயில் பெரும்படை தடைபட்டு நிற்க, தெங் ஐ ஆளரவமற்ற யின்பிங் மலைத்தடத்தில் இறங்கித் தலைநகரை நெருங்கினார். இவ்வாறு சொல்வதால் சூகெ லியாங்கின் புகழ் சீனாவில் மங்கிவிடவில்லை. மாறாக, அந்த ஷூ பாதைகளையே உலகப் பாரம்பரியத்துக்கான தற்காலிகப் பட்டியலில் சீனா சேர்த்திருக்கிறது.

'பழைய வழிகளுக்குச் சான்று ஏது?' என்பது இரண்டாம் மறுப்பு. புனேவில் இருந்துகொண்டு இதைக் கேட்பது வியப்பு. பேஷ்வா தப்தரின் மோடி எழுத்து ஆவணங்களில் சுங்கக் கணக்குகள் உறங்குகின்றன. 1885இல் வெளிவந்த புனே மாவட்ட கெசட்டியர் கணவாய்களைத் தனித்தனியே விவரிக்கிறது. நாணே காட்டின் குகையில் நாகநிகையின் பிராமிக் கல்வெட்டு உள்ளது. 'நாணே' என்ற மராத்தியச் சொல்லுக்கு நாணயம் என்றே பொருள். தமிழ் மாணவர்களுக்கு இது அயலான செய்தியும் அன்று. கோவையை அடுத்து இராசகேசரிப் பெருவழிக்குக் கல்வெட்டு நிற்கிறது. தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல், தொலைவை எண்ணாலும் குழிகளாலும் குறித்து எழுத்தறியாத வழிப்போக்கருக்கும் வழி சொன்னது. சான்று இருக்கிறது. அதைப் படிக்க மோடி எழுத்தும், பிராகிருதமும், இரண்டு கால்களும் வேண்டும்.

கோரேகாவ் பீமாவின் தூண் இங்கே நினைக்கத்தக்கது. 1818 ஜனவரி 1 அன்று, சிரூரிலிருந்து இரவெல்லாம் நடந்து புனேவுக்கு வந்துகொண்டிருந்த கேப்டன் ஸ்டான்டனின் சிறுபடை, பீமா நதிக்கரையில் பேஷ்வாவின் பெரும்படையை எதிர்கொண்டது. அத்தூணில் மகார் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1927இல் அம்பேத்கர் அங்கு வந்தபின் அப்பெயர்கள் ஒரு சமூகத்தின் தன்மான வரலாறாக ஆயின. அத்தூணை நிறுத்தியது கம்பெனி, தன் புகழுக்காக. ஆனால் கடைநிலை வீரனின் பெயர் கல்லில் ஏறினால் அதற்கு என்ன ஆற்றல் பிறக்கும் என்பதை அது காட்டிவிட்டது. படைகளுக்குத் தானியம் சுமந்த பஞ்சாராக்களின் பெயர் எந்தக் கல்லில் உண்டு? கணவாயில் பீரங்கி இழுத்தவர், இரயில் பாதைக்குப் பாறை உடைத்து மாண்டவர் ஆகியோருக்குத் தூண் எங்கே? வழியின் வரலாறு எழுதப்படாதவரை இவர்களுக்கு வரலாறு இல்லை.

ஆகவே கேட்கப்படுவது பெரிதன்று. புனே மாவட்டத்தில் ஒரு சாலை அகலப்படுத்தப்படுமுன், பணத்துக்கு வழி சொல்லும் அறிக்கையோடு பழந்தடத்தைப் பதியும் அறிக்கையும் இருக்கட்டும். போர் குறித்த ஒவ்வோர் ஆய்வேடும் படை வந்த வழி, நடந்த நாள், தின்ற தானியம், சுமந்த ஆள் ஆகிய நான்குக்கும் விடை தேடிய பின்னரே வாய்மொழித் தேர்வுக்கு வரட்டும். செஞ்சியைப் பட்டியலில் கண்டு மகிழும் தமிழ் ஆய்வாளர்களுக்கும் இது பொருந்தும். 1689இல் பன்ஹாளாவிலிருந்து தப்பிய ராஜாராம், எதிரிகள் நிறைந்த நாட்டைக் கடந்து செஞ்சி வரை வந்து சேர்ந்தார். அக்கோட்டையின் மதிலை அளந்த கைகள், அவர் வந்த வழியையும் அளக்கட்டும்.