இடஞ்சுழி நத்தையும் நமது சோத்துக்கையும்

நோர்வேயில் இயற்கையாக வாழும் பாம்பினங்கள் மூன்றுதான். நத்தையை நம்பியே வாழும் பாம்பு அவற்றில் இல்லை. அதைத் தேடி வெப்பக் காடுகளுக்குப் போகவேண்டும். ஆசியாவில் இவை 'பரேயாஸ்' என்ற வகையைச் சேர்ந்தவை, அசாமிலும் உண்டு.

இந்தப் பாம்பு ஓட்டை உடைப்பதில்லை. கீழ்த்தாடையை ஓட்டுக்குள் விட்டுச் சதையை இழுத்தெடுக்கும். ஜப்பானின் இஷிகாகி, இரியோமோத்தே தீவுகளில் வாழும் இனத்துக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கம் சுமார் 25 பற்கள், இடப்பக்கம் சுமார் 18. காரணம், உலகின் பெரும்பாலான நத்தைகள் வலஞ்சுழி. ஹோசோ மசாகி என்ற ஆய்வாளர் குழுவினருடன் இதை 2007இல் வெளியிட்டார். இடஞ்சுழி நத்தையைக் கொடுத்தால் பாம்புக்குப் பிடி வழுக்கிவிடுகிறது; நத்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

கணினித் துறையில் இருப்பவனுக்கு இது பழகிய கதை. பெரும்பான்மைக்காக மட்டும் செய்த எதுவும், மாறி வரும் ஒன்றின் முன்னால் தடுமாறும்.

இடஞ்சுழி நத்தைக்குச் சிரமமும் உண்டு. வலஞ்சுழித் துணையோடு அது இணைவது கடினம். அப்படியிருந்தும், இந்தப் பாம்புகள் வாழும் இடங்களில் இடஞ்சுழி இனங்கள் அதிகம்.

இன்னொரு வேடிக்கை. நாம் போற்றும் வலம்புரிச் சங்கை உயிரியலாளர்கள் இடஞ்சுழி என்கிறார்கள். அவர்கள் சுருளின் முனையை மேலே பிடித்துப் பார்க்கிறார்கள். நாம் அதைக் கீழே வைத்துப் பார்க்கிறோம். சங்கு ஒன்றுதான். அரிது என்பதால் அதைப் பூசையறையில் வைக்கிறோம்.

ஆனால் இடக்கைப் பிள்ளையை மட்டும் திருத்தப் பார்க்கிறோம். ஒஸ்லோவில் பள்ளியில் இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் "சோத்துக்கையால சாப்பிடு" என்ற அதட்டல். நத்தையின் சுழியும் மனிதரின் கையும் ஒன்றல்ல, தெரியும். என்றாலும், இயற்கை எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பவில்லை என்பது இரண்டுக்கும் பொது. கழுவுவதற்கு ஒரு கை, உண்பதற்கு ஒரு கை என்ற வழக்கத்துக்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. இன்று குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் இரண்டு கைக்கும் பொது.

தம்பி, தங்கைகளே, பெரியவர்களோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அடுத்த கலியாண வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை இடக்கையால் வடையை எடுக்க, யாராவது அதட்டினால், "அது கை கழுவினபிள்ளை, சாப்பிடட்டும் மாமி" என்று சிரித்தபடி சொல்லுங்கள். அது போதும்.