கைராசி இல்லை என்று யார் சொன்னது?



இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம், காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனோம். வாழையும் முருங்கையும் கத்தரியும் செழித்துக் கிடந்தன. கிணற்றடி மூலையில் மட்டும் இரண்டு பீட்ரூட் செடிகள், இலையெல்லாம் பழுத்து, வெயிலில் வாடி நின்றன.

"இதை ஏன் சின்னம்மா பிடுங்காமல் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"விதைக்கு விட்டிருக்கேன் அம்மா. மூணு வருஷமா இப்படித்தான் விடறேன். பூக்கவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் சுண்டைக்காய் அளவுகூடப் பருக்கலே. எனக்குக் கைராசி இல்லேன்னு எதிர்வீட்டிலே சொல்றாங்க. இனிமே விதை வாங்கறதா இல்லை" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்பது வருஷமாகக் கொல்லையில் கறிகாய் போடுகிறவர் அவர். உங்களில் எத்தனையோ பேர் இதே மாதிரி அலுத்துப் போய்ப் பீட்ரூட்டைக் கைவிட்டிருப்பீர்கள். சின்னம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பூ விஷயம். பீட்ரூட் இரண்டு வருஷத்துப் பயிர். முதல் வருஷம் கிழங்கிலே சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நடுவிலே குளிர்காலம் வர வேண்டும். சுமார் 10 டிகிரிக்கும் கீழான குளிரைப் பல வாரங்கள் அநுபவித்த பிறகுதான், சேர்த்து வைத்ததைச் செலவழித்துப் பூந்தண்டு விடும். கோவில்பத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பாவம், அந்தச் செடி வராத குளிருக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது! நம் கையில் என்ன குற்றம்? காஷ்மீரம், ஹிமாசலம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில்தான் இதற்கு விதை எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் 'ஊட்டி-1' என்னும் ரகம் நீலகிரிக் குளிரில் விதை கட்டும். ஆகையால் பீட்ரூட்டுக்கு விதை வாங்கித்தான் ஆக வேண்டும்; அதில் ஒரு குறைவும் இல்லை. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. குளிர் தேசங்களில், இளம் பயிர் குளிரில் அகப்பட்டால் முன்கூட்டியே பூத்துக் கிழங்கு வீணாகிவிடும். நமக்கு அந்தப் பயம் கிடையாது.

"அது மலைக் காய்கறி, கடற்கரையில் எங்கே வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. பீட்ரூட்டின் மூதாதை ஐரோப்பாவின் கடலோரங்களில் தானே முளைத்துக் கிடக்கும் ஒரு காட்டுக் கீரை. அதனால்தான் மற்றக் காய்கறிகளைவிடப் பீட்ரூட் உப்பைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்குகிறது. நமக்கு அக்கரையில் இருக்கும் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மலையும் இல்லை, பனியும் இல்லை. செம்மண் தோட்டங்களில் கிணற்று நீர் இறைத்துப் பீட்ரூட் பயிரிடுகிறார்கள். நம் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கங்களிலும் சமவெளியில்தான் விளைகிறது.

அப்படியானால் சின்னம்மாவுக்கு ஏன் பருக்கவில்லை? விசாரித்ததில் மூன்று காரணங்கள் வெளிவந்தன.

ஒன்று, பருவம். அவர் தைப் பொங்கல் கழித்துச் சாவகாசமாக விதைத்திருக்கிறார். கிழங்கு பருக்கும் சமயத்தில் பங்குனி வெயில் வந்துவிட்டது. வெயில் 30 டிகிரியைத் தாண்டத் தாண்டக் கிழங்கின் சிவப்பு மங்கும், நறுக்கினால் வெள்ளை வளையங்கள் தெரியும், இனிப்பும் குறையும். அதற்காக ஐப்பசியில் விதைத்தால் அடைமழை கொண்டுபோய்விடும். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்தில், பெருமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் விதைப்பதே நல்லது. அறுபது முதல் எழுபத்தைந்து நாளில், அதாவது மாசிக்குள், எடுத்துவிடலாம். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்துச் சகோதரிகள் ஆவணி முதல் கார்த்திகை வரை விதைக்கலாம்.

இரண்டு, மண். டெல்டாவின் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும். நன்றாகக் கொத்தி, மணலும் மக்கிய சாண எருவும் கலந்து, அரை அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போடுங்கள். பச்சைச் சாணம் கூடாது. மாடிவாசிகள் ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில் போடலாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பீட்ரூட் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரடுமுரடாக ஒரு சிறு கட்டிபோல இருக்கும். பெரும்பாலும் அது ஒரு விதை அல்ல. இரண்டு மூன்று விதைகள் ஒட்டிக்கொண்ட கொத்து! ஒன்று போட்டால் மூன்று முளைக்கும். நமக்கோ முளைத்ததைப் பிடுங்க மனம் வராது. "பச்சைப் பயிரைப் பிடுங்குவதா?" என்று சின்னம்மாவும் அப்படியே விட்டுவிட்டார். ஒரு பாயில் நாலு பேர் படுத்த கதைதான், ஒன்றுமே பருக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு அடிக்கு ஒரு வரிசையாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்து இரண்டு மூன்று இலை விடும்வரை நல்ல தண்ணீரே விடுங்கள். வளர்ந்த செடி உப்பைத் தாங்கினாலும் முளை தாங்காது. பிறகு நாலு அங்குலத்துக்கு ஒரு செடி நிற்கும்படி, மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நறுக்கிய இளங்கீரை வீண் இல்லை. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் ருசியாக இருக்கும். சிறுநீரகக் கல் உபத்திரவம் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கீரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தையில் சம்பா அறுவடையாகி வைக்கோல் கிடைக்கும். செடிகளுக்கு நடுவே பரப்பிவிட்டால் மண்ணில் ஈரம் நிற்கும். தண்ணீரை ஒரு நாள் கொட்டி நாலு நாள் மறந்தால் கிழங்கு வெடித்துப் போகும். அளவாக, ஒரே சீராக விடுங்கள். மாசி வெயில் உறைத்தால், பிற்பகலில் தென்னங்கீற்று நிழல் கொடுக்கலாம். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதானதுமே எடுக்கத் தொடங்குங்கள். இன்னும் பருக்கட்டும் என்று காத்திருந்தால் நார் விழுந்துவிடும்.

சமையலறைக்கு ஒரு வார்த்தை. வேகவைக்கும்போது தோலைச் சீவாமல், தண்டில் ஒரு அங்குலம் விட்டு முழுசாகப் போடுங்கள். சாயம் தண்ணீரில் இறங்காது. சிறிது புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் நிறம் நிற்கும்; சோடா உப்புப் போட்டால் கெட்டுவிடும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் குழந்தைக்குச் சிறுநீர் சிவந்து போனால் பதற வேண்டாம். சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே இறங்கும். சாப்பிடாத நாளிலும் சிவந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

கோவில்பத்துச் சிவன் கோயிலுக்குத் திருத்தெளிச்சேரி என்று பழைய பெயர். தெளிப்பது என்றால் விதைப்பது. சுவாமியே உழவராக வந்து விதை தெளித்தார் என்பது ஸ்தல புராணம். "அந்த ஊரில் இருந்துகொண்டு விதைக்கக் கைராசி இல்லை என்கிறீர்களே, சின்னம்மா!" என்று கேலி செய்துவிட்டு வந்தேன். மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு பொட்டலம் விதையும் அனுப்பி வைத்தேன்.

அந்த மாசிக் கடைசியில் ஊரிலிருந்து வந்த ஒரு பையனிடம் ஆறு பீட்ரூட் கொடுத்தனுப்பினார். சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் சிறிசு. ஒன்றில் மட்டும் வெள்ளை வளையம் இருந்தது. கடைசியாகப் பிடுங்கியதாக இருக்கும். மற்ற ஐந்தும் நல்ல சிவப்பு. முதலில் பிடுங்கிய இரண்டை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாராம். அவர்கள் இப்போது, "எங்களுக்கும் கொஞ்சம் விதை வாங்கித் தாங்க" என்று கேட்கிறார்களாம்!